தோற்றோர் இனி யாது செய்வர்?

இவ்வாண்டு நம் கல்லூரித் தமிழ்ப் பேரவைக்குச் செயலாளரைத் தெரிந்தெடுத்த நாளன்று மாலை, விளையாட்டு வெளியின் ஓரத்து வேப்பமரத்தின்கீழ் யாம் எழுவர் பேச்சற்று அமர்ந்திருந்தோம். எவர் பொருட்டு ஒரு திங்கள் காலம் வகுப்புதோறும் திரிந்து வாக்குக் கேட்டோமோ, அவர் பதினொரு வாக்குக் குறைவினால் தோற்றுவிட்டார். அவர் வேண்டியது பெரிதன்று. பேரவைக் கூட்டங்கள் மாலை வேளையிற் கூடுகின்றன. நம்முட் பலரோ கல்லூரி விட்டதும் பனியன் கம்பெனிகளுக்கு ஓடிப் பிசிறு வெட்டியும் துணி மடித்தும் பெட்டி கட்டியும் இரவு ஒன்பது மணிவரை உழைத்துக் கல்விச் செலவிற்குப் பொருள் தேடுவோர். மூன்றாண்டு இங்குப் பயின்றும் ஒரு கூட்டத்தையேனும் கண்டறியாதார் அவருள் உளர். கூட்டங்களை நண்பகல் இடைவேளைக்கு மாற்றவேண்டும் என்பதே நம் அபேட்சகரின் ஒரே கொள்கை.

எழுவருள் ஒருவர், ‘இனி நாம் என்ன செய்வது?’ என்றார். விடையிறுப்பார் ஒருவரும் இலர். அவ்வினா எம்மை விடாது பற்றிக்கொண்டது. ஆகவே நூல்நிலையம் புக்கு, பெரியோர் பலர் இந்நிலையில் யாது செய்தனர் என ஆராயலானோம். கண்டவற்றுட் சிலவற்றை ஈண்டு எழுதுகின்றோம்.

அமெரிக்க நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. இருபெருங் கட்சிகளும் தத்தம் அபேட்சகர் யாவர் என்பதைத் தலைவர்களே கூடி முடிவு செய்வதில்லை. அக்கட்சிக்கு வாக்களிக்கும் பொதுமக்களே முதற்கண் ஒரு தேர்தல் நடத்தி, ஒருவரைத் தெரிந்து, பின்னரே மாற்றுக் கட்சியோடு பொருத விடுகின்றனர். இதனை முதனிலைத் தேர்தல் எனலாம். இதில் தோற்றவர் பகைவரிடம் தோற்றவரல்லர். தம் வீட்டாரிடமே தோற்றவர். அதனால் அவர்தம் கூட்டத்தார்க்கு வரும் இடர்ப்பாடும் வேறுவகையினதாம். வென்றவர்க்குத் தோள்கொடுப்பதோ, வெளியேறுவதோ, வாளாவிருப்பதோ என்று அவர் தெளியமாட்டாது தவிப்பர். 2016ஆம் ஆண்டு டெமாக்ரடிக் கட்சியின் இத்தகைய தேர்தலில் பெர்னி சாண்டர்ஸ் என்னும் முதிய செனட்டர் ஹிலாரி கிளிண்டன் அம்மையாரிடம் தோற்றார். ஒரு கோடியே முப்பது இலட்சம் பேர்க்குமேல் அவர்க்கு வாக்களித்திருந்தனர். அவர் வென்ற அம்மையாரை ஆதரிப்பதாகச் சொல்லிவிட்டு, அடுத்த திங்களே ‘நமது புரட்சி’ எனப் பொருள்படும் பெயரால் ஒரு சங்கத்தை நிறுவினார். இரண்டாண்டு கழித்து, அவர்க்குத் தொண்டு செய்தவரும் மதுக்கடையிற் பரிமாறி வாழ்ந்தவருமாகிய அலெக்ஸாண்ட்ரியா ஒகாசியோ-கோர்ட்டெஸ் என்னும் இளநங்கை, நியூயார்க்கில் பத்து முறை தொடர்ந்து வென்ற ஒருவரை அதே முதனிலைத் தேர்தலில் வீழ்த்தினார். 2020ஆம் ஆண்டில் சாண்டர்ஸ் மீண்டும் நின்று மீண்டும் தோற்றார். அவர் கூட்டமோ கலைந்திலது.

நம் நாட்டில் இவ்வழக்கம் இல்லை. இங்கு ‘டிக்கெட்டு’ தலைமையிடத்திலிருந்து வருவது. பெறாதவர் ஒருநாள் சினந்து மறுநாள் சுயேச்சையாக நிற்பார், அன்றேல் மாலை சூடி மாற்றுக் கட்சியிற் சேர்வார். இதனை ஆராய்வதிற் பயனில்லை. ஆயினும் ஒரு கட்சியின் உள்ளேயே வாக்கெடுத்து, வென்றோர் இவர், தோற்றோர் இவர் என்று துணியப்பட்ட செய்திகள் நம் வரலாற்றிலும் உள. அவற்றைத் தேடி யாம் நெடுந்தொலைவு செல்லவில்லை. அவை யாவும் எவ்வாறோ திருப்பூரையும் அதனைச் சூழ்ந்த கொங்கு நாட்டையுமே சுற்றிவருகின்றன.

அவற்றுள் முதனிலைத் தேர்தலுக்கு மிக அணித்தாவது 1954ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நிகழ்ந்தது. அதற்கு முந்திய ஆண்டு சென்னை மாகாண முதன் மந்திரியாக இருந்த இராஜாஜி, தொடக்கப் பள்ளியின் நேரத்தை நாள் ஒன்றுக்கு மூன்று மணியாகக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் சிறுவர் தம் பெற்றோர் தொழிலைப் பழகலாம் என ஒரு திட்டத்தைக் கொணர்ந்தார். நெசவாளி மகன் தறியடியிலேயே கிடக்க வேண்டுமோ என்று நாடெங்கும் எதிர்ப்பு மூண்டது. காங்கிரஸ் சட்டசபை உறுப்பினருள்ளேயே பலர் மாறுபட்டனர். இராஜாஜி விலகினார், தமக்குப் பின் சி. சுப்பிரமணியம் அப்பதவிக்கு வரவேண்டுமென்று விரும்பினார். சுப்பிரமணியம் பொள்ளாச்சியை அடுத்த செங்குட்டைப்பாளையத்தவர். திருப்பூரும் அக்காலத்தில் அவருடைய கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்ததே. எதிர்நின்றவர் காமராசர். வாக்குகள் எண்ணப்பட்டன: காமராசர்க்கு 93, சுப்பிரமணியத்திற்கு 41.

அந்த நாற்பத்தொருவரும் இனி யாது செய்வர் என்று அன்றைய பத்திரிகைகளைப் படித்தோர் எண்ணியிருப்பர். நிகழ்ந்தது யாதெனின், அவர்கள் எண்ணி முடிக்குமுன்னரே காமராசர் எண்ணி முடித்துவிட்டார். தோற்ற சுப்பிரமணியத்தையும், அவரை ஆதரித்த பக்தவத்சலத்தையும் தம் மந்திரிசபையிலேயே அமர்த்திக்கொண்டார். தோற்றோர் கூட்டத்தைக் கலைக்க இதனினும் நயமான வழி யாம் எந்நூலிலும் கண்டிலோம். தலையிரண்டும் வீட்டினுள்ளே போய்விட்டபின், புறத்தே நிற்கும் உடல் எங்ஙனம் போர் செய்யும்? அவ்வாண்டு மே மாதத்திலேயே இராஜாஜியின் கல்வித் திட்டம் கைவிடப்பட்டது. அதனைக் கைவிட்ட மந்திரிசபையிற் கல்வி இலாகாவை வகித்தவர், தோற்ற அணியின் அபேட்சகராகிய சுப்பிரமணியமே.

இதனைக் கோழைமை எனக் கூறத் துணிந்து எழுதுகோலை எடுத்தோம்; பின்னர் வைத்துவிட்டோம். சுப்பிரமணியம் 1962இல் டில்லி சென்று, 1964 முதல் உணவு, விவசாய மந்திரியாக இருந்து, குட்டை இனக் கோதுமை விதையை வெளிநாட்டிலிருந்து பதினெண்ணாயிரம் டன் வருவித்துப் பசுமைப் புரட்சிக்கு வித்திட்டவராவர். பஞ்சத்தைக் கப்பலில் வந்த பிறர் தானியத்தால் தணித்துக்கொண்டிருந்த நாடு தன் சோற்றைத் தானே உண்ணலாயிற்று. 1998இல் அவர்க்குப் பாரத ரத்தினம் வழங்கப்பட்டது. உள்ளே சென்றவர் இத்தனை கோடிப்பேர்க்குப் பயன்பட்டாராயின், வெளியே நின்று முழங்காமற் போனது குற்றமாமோ? எனினும் ஒன்று சொல்லவேண்டும். பயன்பட்டவர் சுப்பிரமணியம், அவர் பின் நின்ற கூட்டம் அன்று. அந்த நாற்பத்தொருவர்க்கு ஒரு பெயரும் நிலைக்கவில்லை.

இராஜாஜியோ வேறு வழி சென்றார். 1957இன் தொடக்கத்தில், எழுபத்தெட்டு வயதில், தாம் வளர்த்த காங்கிரசை விட்டு வெளியேறினார். அவரைச் சார்ந்தோர் காங்கிரஸ் சீர்திருத்தக் குழு என்னும் பெயரால் அவ்வாண்டுத் தேர்தலில் நின்றனர். சட்டசபையில் எதிர்க்கட்சித் தலைவராக அமர்ந்த வி. கே. இராமசாமி முதலியார் அக்குழுவினரே. 1959இல் சுதந்திராக் கட்சி பிறந்தது. பர்மிட், லைசென்ஸ், கோட்டா ஆட்சி ஒழியவேண்டும் என்பது அதன் முழக்கம். 1962இல் நாடாளுமன்றத்தில் 18 இடமும் 1967இல் 44 இடமும் அது பெற்றது. அவ்வாண்டு தமிழ்நாட்டில் திராவிட முன்னேற்றக் கழகத்தோடு கைகோத்துக் காங்கிரசை ஆட்சியினின்றும் இறக்கியது. காமராசரே விருதுநகரில் ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார். சுப்பிரமணியம் கோபிச்செட்டிபாளையத்தில் தோற்றார். 93ஐயும் 41ஐயும் ஒருங்கே வாரிக்கொண்டு போயிற்று அவ்வெள்ளம்.

பதின்மூன்றாண்டு காத்திருந்த பகை தீர்ந்தது என மகிழலாம். ஆனால் தோற்றோர் கூட்டத்திற்குக் கிடைத்தது யாது? சட்டசபையில் 20 இடம். மந்திரிசபையில் அவர்க்கு இடமில்லை. நான்காண்டு சென்றது. இராஜாஜி தம் வாழ்நாள் முழுதும் காத்துவந்ததும், 1937இல் தம் சேலம் மாவட்டத்தில் முதன்முதல் நடைமுறைப்படுத்தியதுமாகிய மதுவிலக்கை, அவர் தூக்கி நிறுத்திய கட்சியின் அரசே 1971இல் தளர்த்தியது. தொண்ணூற்றிரண்டு வயது முதியவர் முதலமைச்சர் கருணாநிதியிடம் நேரிற் சென்று வேண்டிக்கொண்டார். பயனில்லை. அவ்வாண்டுத் தேர்தலிலேயே அவர் பழைய பகைவர் காமராசரோடு சேர்ந்து நின்று தோற்றிருந்தார். 1972 டிசம்பரில் அவர் காலமானார். 1974இல் சுதந்திராக் கட்சி வேறொரு கட்சியிற் கரைந்தது. பகைவனின் பகைவனை அரியணை ஏற்றுதல் எளிது. ஏறியவன் நம் கொள்கையையும் உடன் ஏற்றுவான் என்பதற்கு உறுதி யாது?

இடையே ஒன்று. ஈரோட்டு ஈ. வெ. கி. சம்பத்தும் இத்தகைய வழி நடந்தவரே. 1957இல் நாமக்கல்லிலிருந்து நாடாளுமன்றம் சென்ற அவர், 1961இல் தி.மு.க.வின் உட்பூசலால் வெளியேறித் தமிழ்த் தேசியக் கட்சி கண்டார். கவிஞர் கண்ணதாசனும் உடன் சென்றார். பெரும் பேச்சாளரும் பெருங் கவிஞரும் கூடியும் 1964இல் அக்கட்சி காங்கிரசிற் சேர்ந்துவிட்டது. நாவன்மை ஒன்றே கட்சியாகாது போலும்! தமிழ் படிப்போராகிய எமக்கு இது சிறிது வருத்தந் தருவதே.

நிற்க. திருப்பூருக்கே வருவோம். 1922ஆம் ஆண்டு இங்குத் தமிழ்நாட்டுக் காங்கிரஸ் மாநாடு கூடியது. எல்லாச் சாதியாரும் கோயிலுட் சென்று வழிபட உரிமை வேண்டும் என்னும் தீர்மானத்தை ஈரோட்டு ஈ. வெ. இராமசாமியார், பின்னாளிற் பெரியார் எனப் பெற்றவர், அம்மாநாட்டிற் கொணர்ந்தார். எதிர்ப்பு வலுத்தது, தீர்மானம் நிறைவேறவில்லை. அவரோ அன்றே காங்கிரசை விட்டாரல்லர். மேலும் மூன்றாண்டு உள்ளேயே இருந்து, கதர் மூட்டையைத் தோளிற் சுமந்து விற்றார். 1924இல் வைக்கத்திற் சிறைபுகுந்தார். 1925 நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டில் வகுப்புவாரி உரிமைத் தீர்மானத்தைக் கொணர முயன்றார். தலைமை வகித்த திரு. வி. க. அதனை அனுமதிக்கவில்லை. அப்போதுதான் எழுந்து வெளியேறினார்.

ஈண்டு நாம் உற்று நோக்கவேண்டுவது ஒன்றுண்டு. அவர் வெளியேறுதற்கு ஆறு திங்கள் முன்னரே, 1925 மே மாதத்தில், ஈரோட்டில் ‘குடி அரசு’ வார இதழ் தொடங்கிவிட்டது. தெருவிற்கு வந்தபின் கூரை தேடினாரல்லர். கூரை வேய்ந்துகொண்டே தெருவிற்கு வந்தார். வந்தபின்னும் அபேட்சகராக நிற்கவில்லை, பதவி கேட்கவில்லை. 1929இல் செங்கற்பட்டில் சுயமரியாதை மாநாடு கூட்டினார். ஊர் ஊராகப் பேசினார், எழுதினார், திருமணங்களை நடத்தினார். அவர் சொன்னவை யாவற்றிற்கும் யாம் உடன்படுவோம் அல்லேம். சமயத்தைப் பற்றிய அவர் கருத்துக்கள் எமக்கு உவப்பாவன அல்ல. எனினும் அவர் தோற்ற தீர்மானங்களின் கதையைக் கேண்மின். காஞ்சியில் ஒதுக்கப்பெற்ற வகுப்புவாரி உரிமையை 1928இல் எஸ். முத்தையா முதலியார் மந்திரியாக இருந்து நடைமுறைக்குக் கொணர்ந்தார். திருப்பூரில் 1922இல் வீழ்ந்த ஆலயப் பிரவேசத் தீர்மானமோ, 1939இல் மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் கதவைத் திறந்தது. 1947இல் சென்னை மாகாணம் முழுமைக்கும் சட்டமாயிற்று. 1939இல் மதுரையில் முன்னின்று அழைத்துச் சென்றவர் காங்கிரஸ்காரராகிய வைத்தியநாத ஐயர். அன்று முதன் மந்திரி இராஜாஜி. 1947இல் சட்டம் செய்ததும் காங்கிரஸ் அரசே. எவ்வீட்டில் தீர்மானம் தோற்றதோ, அவ்வீட்டார் கையாலேயே இருபத்தைந்தாண்டில் அது வென்றது.

இராஜாஜிக்கும் இவ்வாறே நேர்ந்தது. 1959இல் அவர் எதிர்த்த லைசென்ஸ் முறையைத் தொழில் துறையிற் பெரும்பாலும் நீக்கியது எவ்வரசு? 1991இன் காங்கிரஸ் அரசு. அவர் மறைந்து பத்தொன்பது ஆண்டு சென்றிருந்தது. ஆகவே தோற்ற கூட்டத்தார் முதலில் தெளியவேண்டியது இதுவென யாம் கருதுகிறோம்: தாம் வேண்டுவது தம் தலைவர் அப்பதவியில் அமர்வதையோ, தம் தீர்மானம் எவர் கையாலேனும் நிறைவேறுவதையோ? முன்னதாயின், உள்ளே நாற்காலி தரப்பட்ட அன்றே கூட்டத்தின் கதை முடிந்தது. பின்னதாயின், உள்ளே சிலர் இருத்தலும் வேண்டும். வெளியே சிலர் ஓயாது கதவைத் தட்டுதலும் வேண்டும். வைத்தியநாத ஐயர் உள்ளிருந்து திறந்தார். வெளியே தட்டுவோர் இல்லையாயின் அத்தாழ் அன்று திறந்திருக்குமோ என்பது ஐயமே.

மற்றொரு கூட்டத்தையும் சொல்லாது விடல் ஆகாது; அவர்க்கும் திருப்பூருக்கும் உறவு பெரிது. 1922 டிசம்பரிற் கயையிற் கூடிய காங்கிரஸ் மகாசபையில், சட்டசபைக்குச் செல்லலாம் என்ற சித்தரஞ்சன தாசர், தாமே தலைமை வகித்தும் தோற்றார். எதிரணியை நடத்தியவர் இராஜாஜி. தாசர் சோர்ந்தாரல்லர், காங்கிரசுக்குள் இருந்துகொண்டே அடுத்த திங்களிற் சுயராச்சியக் கட்சியை அமைத்தார், அவ்வாண்டிறுதித் தேர்தலில் வென்றார். 1925 செப்டம்பரில் பாட்னாவில் காங்கிரசின் அரசியற் பணி அக்கட்சியின் கைக்கே வந்தது. கயையில் வென்றோர் பாட்னாவில் தோற்றோராயினர். அவர் கையில் எஞ்சியது இராட்டை ஒன்றே. அதே பாட்னாவில் அகில பாரத சர்க்கா சங்கம் நிறுவப்பட்டது. அதன் தமிழ்நாட்டுக் கிளைக்குத் தலைமையிடமாக அமைந்த ஊர் திருப்பூர். இராஜாஜியும் அவ்வாண்டே திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் ஆசிரமம் அமைத்துக் குடியேறி, சிற்றூர்ப் பெண்டிர்க்குப் பஞ்சு கொடுத்து நூல் வாங்கிக்கொண்டிருந்தார்.

அரசியலிற் பின்னடைந்தவர் நூல் நூற்கச் சென்றனர் என்று அன்று நகைத்தார் இருந்திருக்கலாம். ஆனால் அந்நூல் வேலை வாக்கெடுப்பில்லாத ஆண்டுகளிலும் தொண்டரைச் சிதறாமற் காத்தது. நாள்தோறும் செய்யத்தக்க வேலை ஒன்று இருந்தது. அதிற் கூலி பெற்ற ஏழை இருந்தாள். ஊருக்கு ஊர் கதர்க்கடை இருந்தது. 1932 சனவரியில் திருப்பூர் வீதியில் கொடியேந்தி வந்து அடியுண்டு மாண்ட குமரன் தோன்றியது அத்தகைய ஊரிலேதான். 1937இல் இராஜாஜி முதன் மந்திரியானபோது, பன்னிரண்டாண்டிற்கு முன் ஒதுங்கியவர் என்று அவரை எவரும் எண்ணவில்லை. தேர்தல் ஐந்தாண்டுக்கு ஒரு நாள்; எஞ்சிய நாளெல்லாம் தொண்டன் என்செய்வான் என்பதற்கு விடை சொல்லாத கூட்டம் கலையும். தலைவர்க்கு எங்கேனும் ஒரு நாற்காலி கிடைக்கும். சுவரொட்டிய பசை உலராத கையோடு நிற்பவன் நிலையே நினைத்தற்குரியது.

அத்தொண்டன் நிலையினும் இரங்கத்தக்கார் சிலர் இன்று திருப்பூரில் உளர். ஒடிசா, பீகார், ஜார்க்கண்டு ஆகிய இடங்களிலிருந்து வந்து நம் தெருக்களில் வாழ்ந்து நம் பனியன்களைத் தைப்போர். அவருட் பலர்க்கு வாக்கு இருப்பது ஆயிரங் காதத்திற்கப்பால். இங்கு எவர் வெல்லினும் தோற்பினும் அவர் வென்றவருமல்லர், தோற்றவருமல்லர். மாலைக் கூட்டத்திற்கு வரமாட்டாத எம் நண்பரை நினைக்குந்தோறும் எமக்கு அவரும் நினைவில் வருகின்றனர்.

இவற்றையெல்லாம் படித்துவிட்டு எழுவரும் மீண்டும் வேப்பமரத்தடியிற் கூடினோம். ஒருவர் போட்டி மன்றம் அமைக்கலாம் என்றார். சுதந்திராக் கட்சியின் கதையைச் சொன்னோம். அவர் சினந்து எழுந்து போனார், இன்னும் எம்மோடு பேசுவதில்லை. எம் அபேட்சகர்க்கோ புதிய செயலாளர் துணைச் செயலாளர் பதவி தருவதாகச் சொல்லியனுப்பியிருந்தார். ஏற்கலாமா என்று அவர் எம்மைக் கேட்டார். அறுவரும் இரு பிரிவாகிவிட்டோம். மூவர் ஏற்க என்றனர். மூவர் காமராசர் செய்ததை நினைவூட்டினர். இறுதியில் அவர் ஏற்றார். ஆனால் ஒன்று செய்தோம். அவர் உள்ளே சென்ற நாளன்றே, யாம் வெளியே நண்பகற் கூட்டம் வேண்டி ஒரு விண்ணப்பம் எழுதி, பனியன் கம்பெனிகளில் வேலைபார்க்கும் மாணவரிடம் கையொப்பம் வாங்கத் தொடங்கினோம். அவர் வேலை விட்டு வரும் இரவு ஒன்பது மணிக்குப் பேருந்து நிலையத்தில் நின்றே வாங்க வேண்டியிருந்தது. நான்கு இரவில் நூற்றுப் பன்னிருவர் ஒப்பமிட்டனர். அவருட் பதினெண்மர் தேர்தலில் எம் அபேட்சகர்க்கு எதிராக வாக்களித்ததாகத் தாமே சொன்னார்கள்.

விண்ணப்பத்தைச் செயலாளர் பெற்றுக்கொண்டு, ‘பார்ப்போம்’ என்றார். பேரவையின் அடுத்த கூட்டம் மாலை ஐந்து மணிக்கு என்று அறிவிப்புப் பலகையில் எழுதப்பட்டுள்ளது. அதற்கடுத்த கூட்டத்திற்கு நேரம் இன்னும் எழுதப்படவில்லை.